முற்றவெளியில் அடக்கமான அட்மிரல்



நிலாவெளியிலிருந்து டவுனுக்குப் போகும் வழியில் ஆறாங்கட்டையில் இருக்கும் யுத்த மயானத்தைத் தெரியாதவர் நம்மில் இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். வெளிநாட்டார் இறங்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள், நாம் பஸ்ஸில் இருந்தபடியே கடந்துவிடுவோம். ஆனால் டவுனுக்குள்ளே, முற்றவெளியில், அதைவிடப் பழைய வெள்ளைக்காரச் சேமக்காலை ஒன்று இருக்கிறது. அதிலே 1852ஆம் ஆண்டு அடக்கம் செய்யப்பட்ட ஒருவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

அவருடைய பெயர் சார்ள்ஸ் ஜோன் ஒஸ்டின். பிரித்தானியக் கடற்படையின் ரியர் அட்மிரல். 12 வயதில் கடற்படைப் பாடசாலைக்குப் போய், 73ஆவது வயதில் பர்மாவில் ஒரு யுத்தத்தை நடத்திக்கொண்டிருக்கும்போதே மௌத்தானவர். ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு அந்த ஒஸ்டின் என்ற பெயர் எங்கேயோ கேட்டதாக இருக்கும். ஆம், நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் கூடப்பிறந்த கடைசித் தம்பிதான் இவர். உலகம் முழுவதும் வாசிக்கப்படுகிற ஓர் எழுத்தாளருடைய தம்பி நம்முடைய டவுனில் அடங்கியிருக்கிறார். வெலிங்டன் பிரபு கோட்டைக்குள் தங்கிய கதையை எல்லோரும் சொல்வார்கள். இந்தக் கதையைச் சொல்பவர் குறைவு.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பாதிரியாருக்கு எட்டுப் பிள்ளைகள். ஆறு ஆண், இரண்டு பெண். ஏழாவது ஜேன், 1775இல் பிறந்தவர். எட்டாவது சார்ள்ஸ், 1779 ஜூன் 23. ஜேன் சிறு வயதிலேயே விளையாட்டாகக் கதைகள் எழுதி ஒரு கொப்பியில் சேர்த்து வைத்தார். அவற்றில் இரண்டு கதைகளை இந்தத் தம்பியின் பெயருக்கே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஜேன் இறந்து பல வருடங்களின் பின், மூத்த சகோதரி கசன்ட்ரா தன்னுடைய மரணத்துக்குப் பிறகு அந்தக் கொப்பி சார்ள்ஸுக்கே போய்ச் சேர வேண்டும் என்று எழுதி வைத்தார். சின்னவனைச் சிரிக்க வைக்கத்தான் இதில் சில எழுதப்பட்டன என்று ஒரு குறிப்பும் அதில் இருக்கிறது. இன்று அது ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பொட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

அந்தச் சின்னவன் 1791இல் போர்ட்ஸ்மத் கடற்படைப் பாடசாலையில் சேர்ந்தார். நம்முடைய பிள்ளைகள் ஆறாம் ஏழாம் வகுப்பில் இருக்கிற வயது. இரண்டு வருடத்தில் பிரான்சோடு யுத்தம் தொடங்கியது. அது விட்டு விட்டு 1815 வரை நடந்தது. நாம் மறக்கக் கூடாத ஒன்று, திருகோணமலையை 1795 ஓகஸ்டில் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் பிடித்ததும் அதே யுத்தத்தின் ஒரு துண்டுதான். ஒல்லாந்து பிரான்சின் பக்கம் போய்விட்டது, ஆகவே ஒல்லாந்தரின் துறைமுகங்கள் பிரான்சின் கைக்குப் போய்விடக் கூடாது என்று இவர்கள் முந்திக்கொண்டார்கள். அங்கே ஐரோப்பாவில் அடி விழ, இங்கே நம்முடைய கோட்டையில் கொடி மாறியது.

சார்ள்ஸுடைய இளமைக் காலத்துச் சம்பவம் ஒன்று. 1800ஆம் ஆண்டளவில் அவர் என்டிமியன் என்ற கப்பலில் லெப்டினன்டாக இருக்கிறார். கடும் புயலில் சிப்பியோ என்ற பிரான்சியக் கப்பல் ஒன்றை மடக்குகிறார்கள். அதில் ஏறக்குறைய 150 பேர். சார்ள்ஸ் நாலு பேரை மட்டும் கூட்டிக்கொண்டு ஒரு சின்னப் படகில் போய் அதில் ஏறி, மறுநாள் உதவி வரும்வரை அந்தக் கப்பலைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார். வயது இருபத்தொன்றோ என்னவோ.

அந்தக் காலக் கடற்படையில் பிடிபட்ட கப்பலின் பெறுமதியைப் பிடித்தவர்களுக்குள் பங்கு வைப்பார்கள். நாம் கனீமத் என்று படித்திருக்கிறோமே, ஏறத்தாழ அதுபோல. சார்ள்ஸுக்கு 30 ஸ்டேர்லிங் பவுண் கிடைத்தது, இன்னும் 10 வர இருந்தது. சம்பளமே சொற்பமான இளைஞன். அவர் செய்தது என்ன தெரியுமா? இரண்டு சகோதரிகளுக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகக் கல்லில் செய்த சிலுவையும் வாங்கினார். 1801 மே மாதத்தில் ஜேன் எழுதிய கடிதத்தில் தம்பியைச் செல்லமாகத் திட்டுகிறார், உழைத்த காசையெல்லாம் எங்களுக்கு நகை வாங்கியா அழிப்பது என்கிற தோரணையில். அந்த இரண்டு சிலுவைகளும் இன்று சோட்டன் என்ற ஊரில் ஜேன் வாழ்ந்த வீட்டு நூதனசாலையில் இருக்கின்றன. 1814இல் வெளிவந்த ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில் கடற்படையில் இருக்கும் அண்ணன் ஒருவன் தங்கைக்குச் சிலுவை வாங்கிக் கொடுப்பான், சங்கிலி வாங்கத்தான் காசு போதாது. எங்கிருந்து வந்த கதை என்று நான் சொல்லத் தேவையில்லை. சவூதிக்கும் கட்டாருக்கும் போன முதல் மாதச் சம்பளத்தில் ராத்தாவுக்கும் தங்கச்சிக்கும் காப்பு வாங்கியவர்கள் நம்முடைய ஊரிலும் எத்தனை பேர்.

பிறகு அவர் அத்திலாந்திக் சமுத்திரத்தில் இருக்கும் பெர்முடா தீவுக்கு அனுப்பப்பட்டார். 1807 மே மாதம் அங்கே ஃபனி பாமர் என்ற பெண்ணை முடித்தார். தீவின் முன்னாள் சட்டமா அதிபருடைய மகள், 17 வயது. ஒன்றன்பின் ஒன்றாகப் பெண் பிள்ளைகள்.

1811இல் நேமுர் என்ற பழைய பெரிய போர்க்கப்பலுக்கு அவர் கப்டன் ஆனார். அது தேம்ஸ் நதி கடலில் விழும் இடத்தில் நங்கூரமிட்டுக் கிடந்த கப்பல். கரையில் தனி வீடு வைத்துக் குடும்பத்தை நடத்தக் கையில் போதிய காசு இல்லை. குடும்பத்தைப் பிரிந்திருக்கவும் மனம் இல்லை. ஆகவே மனைவியையும் பிள்ளைகளையும் கப்பலுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று வருடத்துக்குக் கிட்ட அந்தக் கப்பல்தான் வீடு. நூற்றுக்கணக்கான மாலுமிகள், பீரங்கிகள், தார் மணம், அலை. இதற்குள் ஒரு இளம் தாயும் மூன்று சின்னப் பிள்ளைகளும். மூத்தவள் கசிக்குக் கடல் ஒத்துக்கொள்வதில்லை, வாந்தி. குளிர்காலத்தில் அவளை மட்டும் மாமிமாரின் வீட்டில் விடுவதா என்று குடும்பத்துக்குள் கடிதங்கள் போய் வந்திருக்கின்றன.

1814 செப்டெம்பர் 6ஆம் திகதி, நாலாவது பிள்ளை பிறந்த சில நாட்களில், ஃபனி அந்தக் கப்பலிலேயே இறந்துபோனார். வயது 24. பிறந்த குழந்தையும் சில வாரங்களில் போய்விட்டது. சார்ள்ஸுக்கு 35 வயது, கையில் தாயில்லாத மூன்று பெண் பிள்ளைகள்.

ஜேன் கடைசியாக எழுதி முடித்த ‘பெர்சுவேஷன்’ நாவலில், அட்மிரல் ஒருவருடைய மனைவி, கணவனோடு கப்பலில் இருந்த காலம்தான் தன் வாழ்வின் நல்ல காலம் என்ற கருத்தில் பேசுவாள். அந்த நாவல் ஃபனி இறந்த மறுவருடம் எழுதத் தொடங்கப்பட்டது. ஆய்வாளர்கள் இரண்டையும் சேர்த்துப் பேசுகிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகத்தான் படுகிறது.

அடுத்த இரண்டு மூன்று வருடம் சோதனை மேல் சோதனை. 1816 பெப்ரவரியில், இன்றைய துருக்கியின் இஸ்மீர் நகரத்துப் பக்கம் கடற்கொள்ளைக்காரரைத் தேடிப் போன இடத்தில், அவருடைய ஃபீனிக்ஸ் கப்பல் கரை தட்டி உடைந்தது. ஆட்கள் தப்பினார்கள். விசாரணை மன்றமும் அவரைக் குற்றமற்றவர் என்றது. ஆனால் கப்பலை இழந்த கப்டனுக்கு யார் அடுத்த கப்பல் கொடுப்பார்கள்? யுத்தமும் முடிந்துவிட்டது. பத்து வருடம் அவருக்குக் கப்பல் இல்லை. 1817 ஜூனில் வின்செஸ்டருக்குப் போய் நோயில் கிடந்த ஜேனைப் பார்த்துவிட்டு வந்தார், அடுத்த மாதம் 18ஆம் திகதி ஜேனும் இறந்தார்.

அந்தப் பிள்ளைகளை வளர்த்தெடுத்தவர் யார் என்றால், இறந்த ஃபனியின் அக்கா ஹரியட். 1820இல் சார்ள்ஸ் அவரையே முடித்தார். இதை நம்மவர்கள் வாசித்தால், “இதில் என்ன புதினம்?” என்பீர்கள். மனைவி மௌத்தானால் அவளுடைய சகோதரியை முடிப்பது நமக்கு ஆகுமானது, இரண்டு சகோதரிகளை ஒரே நேரத்தில் வைத்திருப்பதுதான் ஹராம். தாயில்லாப் பிள்ளைகளுக்குச் சாச்சியே உம்மாவாக வருவதை நம்முடைய ஊர்களில் நல்ல காரியமாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் இங்கிலாந்துத் திருச்சபையின் சட்டப்படி அது தடுக்கப்பட்ட உறவு. யாராவது வழக்குப் போட்டால் அந்த நிக்காஹ் செல்லாது என்று தீர்ப்பு வரலாம், பிறக்கும் பிள்ளைகளின் நிலை கேள்விக்குறி ஆகலாம். 1835இல் ஒரு சட்டம் வந்து, அதுவரை நடந்த இப்படியான திருமணங்களைக் காப்பாற்றி, இனி நடப்பவை செல்லவே செல்லாது என்றது. 1907இல்தான் அந்தத் தடை நீங்கியது. 15 வருடம் இந்தக் கத்தி தலைக்கு மேலே தொங்க சார்ள்ஸும் ஹரியட்டும் குடும்பம் நடத்தினார்கள். நாலு பிள்ளைகள் பிறந்து, இரண்டு பேரைக் குழந்தையிலேயே பறிகொடுத்தார்கள்.

கப்பல் இல்லாத காலத்தில் கோர்ன்வோல் கரையோரத்தில் கரையோரக் காவலில் வேலை செய்தார். 1826இல் மீண்டும் கப்பல் கிடைத்தது, ஜமெய்க்காப் பக்கம் அடிமை வியாபாரத்தைத் தடுக்கும் பணி. 1830இல் கடும் விபத்தொன்றில் காயப்பட்டு ஊர் திரும்பினார். திரும்ப எட்டு வருடம் அரைச் சம்பளம். கணக்குப் போட்டுப் பாருங்கள், யுத்தம் முடிந்த பின்னர் வந்த 22 வருடத்தில் 18 வருடம் இந்த மனிதன் போர்க்கப்பல் எதற்கும் கப்டனாக இல்லை. பிள்ளைகளோடு பெரும்பாலும் வீட்டில் இருந்திருக்கிறார்.

இனி வருவது நமக்கு நெருக்கமான இடம். 1840 நவம்பர் 3, பலஸ்தீனத்தின் அக்கா நகரம். எகிப்தை ஆண்ட முஹம்மது அலி பாஷா தன்னுடைய உஸ்மானிய சுல்தானையே எதிர்த்து ஷாம் பகுதியைப் பிடித்து வைத்திருந்தார். அவருடைய மகன் இப்ராஹீம் பாஷா எட்டு வருடத்துக்கு முன் அக்காவைப் பிடிக்க ஆறு மாதம் முற்றுகை போட வேண்டியிருந்தது. இப்போது சுல்தான் அப்துல் மஜீதின் பக்கம் நின்று பிரித்தானியாவும் ஒஸ்திரியாவும் கப்பல்களோடு வந்தன. வந்த கப்பல்களில் ஒன்றான பெலரோஃபனின் கப்டன் சார்ள்ஸ் ஒஸ்டின். சில மணி நேரம்தான் குண்டு மாரி. நகரத்தின் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட எகிப்தியச் சிப்பாய்கள் ஒரே நொடியில் மடிந்தார்கள். அன்றிரவே நகரம் விழுந்தது. முஸ்லிம் ஆட்சியாளர் இருவர் தங்களுக்குள் தீர்க்க முடியாத பிணக்குக்கு வெளியாரைக் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று வரலாற்றுப் பாடத்தில் நான் சொல்லும் உதாரணங்களில் இதுவும் ஒன்று. சார்ள்ஸுக்கு அதற்காகப் பட்டம் கிடைத்தது. 1846இல் ரியர் அட்மிரல் ஆனார்.

1850 ஜனவரியில், 70 வயதில், கிழக்கிந்திய, சீனக் கடற்பரப்பின் பிரதம தளபதிப் பதவி. அந்தப் பரப்பில் பிரித்தானியக் கடற்படையின் முக்கிய தளங்களில் ஒன்று நம்முடைய திருகோணமலை. டொக்யார்டும், அதற்குள்ளே அட்மிரால்டி ஹவுஸும், பெருங்கப்பல்கள் எந்தக் காற்றிலும் நிம்மதியாக நிற்கக்கூடிய உள்துறைமுகமும். இந்தத் துறைமுகத்தின் பேர் எவ்வளவு பெரிதென்றால், 1817இல் பம்பாயில் பார்சிக் கப்பற்கட்டுநர்கள் தேக்கு மரத்தில் கட்டிய ஒரு போர்க்கப்பலுக்கே ‘திருகோணமலை’ என்று பெயர் வைத்தார்கள். அது இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

1852இல் இரண்டாம் பர்மா யுத்தம். காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள், அல்லது அழுவீர்கள். ரங்கூனின் ஆளுநர் இரண்டு பிரித்தானியக் கப்பற் தலைவர்களிடம் தண்டப்பணம் வாங்கினார். இவர்கள் இழப்பீடாகக் கேட்டது ஆயிரம் பவுணும் இல்லை. அதைக் கேட்கப் போன கடற்படை அதிகாரி லம்பேர்ட், பேசுவதை விட்டுவிட்டுத் துறைமுகத்தை மறித்து, பர்மிய மன்னரின் கப்பலையும் பிடித்துக்கொண்டார். பிறகு இந்தியாவின் மகாதேசாதிபதி டல்ஹவுசி கேட்ட தொகை பத்து இலட்சம் ரூபாய். கொடுக்கவில்லை, யுத்தம். ஏப்ரலில் ரங்கூன் விழுந்தது, ஷ்வேடகோன் விகாரையையும் சண்டையிட்டுத்தான் பிடித்தார்கள். கடற்படைக்குத் தலைமை நம்முடைய அட்மிரல் ஒஸ்டின். வருட முடிவில் கீழ்ப் பர்மா முழுவதும் பிரித்தானியாவுக்குச் சொந்தம் என்று அறிவித்துவிட்டார்கள்.

அந்த அறிவிப்பை அவர் பார்க்கவில்லை. இடையில் நோய்ப்பட்டு, கல்கத்தாவுக்குப் போய்த் தேறி, திரும்பவும் வந்தார். போயிருக்கத் தேவையில்லை, 73 வயது. ஐராவதி ஆற்றில் ப்ரோம் நகரை நோக்கிப் போய்க்கொண்டிருந்த புளூட்டோ என்ற சின்ன நீராவிக் கப்பலில் கொலரா கண்டு, 1852 ஒக்டோபர் 7ஆம் திகதி இறந்தார். அவருடைய கனிவுக்காக அவருக்குக் கீழே இருந்த அதிகாரிகளும் மாலுமிகளும் கண்ணீர் விட்டதாக அங்கிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். உடலைத் திருகோணமலைக்குக் கொண்டு வந்து முற்றவெளியில் அடக்கினார்கள்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன் கேட்டான், “அப்ப அவர் நல்லவரா சேர், கெட்டவரா?”

உங்களில் தன் குடும்பத்துக்குச் சிறந்தவரே சிறந்தவர் என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லித் தந்தது. அந்தத் தராசில் இந்த மனிதன் கனமாகத்தான் நிற்கிறார். சகோதரிகளுக்குச் செலவழித்தார், மனைவியைப் பிரியாமல் வைத்திருந்தார், தாயில்லாப் பிள்ளைகளைக் கைவிடவில்லை. ஆனால் அநியாயம் செய்தவனுக்குத் துணை போனவன் கதை என்ன என்ற கேள்வியும் நம்முடைய மார்க்கத்திலேயே இருக்கிறது. பர்மாக்காரன் ஒருவன் இந்தக் கல்லறையைப் பார்த்தால் சிலுவைக் கதையா அவனுக்கு ஞாபகம் வரும்? நான் மாணவனுக்குச் சொன்னது, இரண்டையும் எழுது, ஒன்றை எழுதி மற்றதை மறைக்காதே என்பதுதான். அவருடைய வரலாற்றை எழுதும் ஆங்கிலேயர் பலர் ஐராவதி ஆற்றில் அவர் இறந்ததை எழுதுகிறார்கள், அந்த ஆற்றில் அவருக்கு என்ன வேலை என்று கேட்பதில்லை. நம்மவர்கள் சிலர் வெள்ளைக்காரன் என்றதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்த யுத்தம் முடிந்து ஆறு வருடத்தில், 1858இல், டெல்லியின் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஸபரைக் கைதியாக நாடு கடத்த பிரித்தானியருக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. அனுப்பியது ரங்கூனுக்கு, ஒஸ்டினின் கப்பல்கள் பிடித்துக் கொடுத்த அதே ஊருக்கு. 1862 நவம்பர் 7ஆம் திகதி அவர் அங்கே வபாத்தானார். கப்று எங்கே என்று தெரியக் கூடாது என்று அடையாளம் இல்லாமல் மூடினார்கள். 1991இல் மண் வெட்டும்போதுதான் சரியான இடம் கண்டுபிடிக்கப்பட்டது. ஆக, டெல்லி மன்னர் ரங்கூனில், ஹாம்ப்ஷயர் பாதிரியாரின் மகன் திருகோணமலையில். ஒருவருக்குப் பெயர் எழுதிய கல், மற்றவருக்கு 129 வருடம் ஒன்றுமே இல்லை.

நமக்கும் இந்த யுத்தத்தோடு தொடர்பு உண்டு. கீழ்ப் பர்மா பிரித்தானியர் கைக்குப் போன பிறகுதான் அங்கே வயல்கள் பெருகி, ரங்கூன் அரிசி கப்பல் கப்பலாக இலங்கைக்கு வரத் தொடங்கியது. 1942இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றது. மூத்தவர்கள் சொல்லும் அரிசிப் பஞ்சக் கதைகளின் வேர் அதிலே இருக்கிறது. அதே வருடம் ஏப்ரல் 9ஆம் திகதி நம்முடைய துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு விழுந்தது, அந்தப் போர்க்காலத்தில் இறந்தவர்கள்தான் ஆறாங்கட்டையில் இருக்கிறார்கள்.

ஒஸ்டினின் அண்ணன் ஃபிரான்சிஸும் கடற்படைதான். அவர் அட்மிரல்களுக்கெல்லாம் மேலான பதவிக்குப் போய், 91 வயது வரை இருந்து, 1865இல் இங்கிலாந்தில் இறந்தார். சார்ள்ஸின் மகள் ஒருத்தியை முடித்தது அந்த அண்ணனின் மகன். நம்முடைய ஊர்ச் சம்பந்தம் மாதிரியே இருக்கிறதல்லவா.

ஒரு வேண்டுகோள். பிரித்தானியக் கடற்படை 1957இல் டொக்யார்டைக் கையளித்துவிட்டுப் போகும்வரை அங்கே வேலை செய்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். தண்ணீர் ஏற்றியவர்கள், விறகு கொடுத்தவர்கள், தச்சு வேலை பார்த்தவர்கள், சமைத்தவர்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், மலாயர் எல்லோரும். அட்மிரலின் பிறந்த திகதி வரை நமக்குத் தெரிகிறது, அவருடைய கப்பலுக்குத் தண்ணீர் ஏற்றியவரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. உங்கள் மூத்தாப்பா, பூட்டனார் யாராவது டொக்யார்டில் வேலை செய்திருந்தால், அவருடைய பெயரையும் செய்த தொழிலையும் வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பழைய சம்பளத் துண்டு, அடையாள அட்டை இருந்தால் எறிந்துவிடாதீர்கள். மாணவர்களைக் கொண்டு ஒரு பட்டியல் செய்யும் எண்ணம் இருக்கிறது, பெரியவர்களின் சம்மதத்தோடு.

அடுத்த பதிவில், இன்ஷா அல்லாஹ், திருகோணமலையில் இருந்துகொண்டு வியாழனையும் செவ்வாயையும் தொலைநோக்கியால் படித்து, 1908இல் இங்கேயே இறந்துபோன மோல்ஸ்வேர்த் என்ற இராணுவப் பொறியியலாளரைப் பற்றி எழுதுகிறேன். செவ்வாய்க் கிரகத்தில் ஒரு பள்ளத்துக்கு அவருடைய பெயர் வைத்திருக்கிறார்கள்.

வஸ்ஸலாம்.